எட்வேர்ட் பார்ன்ஸ்: போர்வீரர், தேசாதிபதி, தோட்டத்துரை

பேராதனையிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் வீதியில் உள்ள சிற்றூர் கெலிஓயா. இவ்வீதியின் ஒரு முனைக்கு அண்மையில், மகாவலியின் மறுகரையில், கன்னொறுவை உள்ளது. மறுமுனையில் கம்பளையை அடுத்துச் சிங்கபிட்டிய உள்ளது. இலங்கையின் பெருந்தோட்டப் பொருளாதாரம் 1820களில் கருக்கொண்ட இடங்கள் இவை. சிங்கபிட்டியவிலே ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். கன்னொறுவையில் பயிரிட்டவரோ நாட்டின் தேசாதிபதியாகவே இருந்த சேர் எட்வேர்ட் பார்ன்ஸ். அவரது வாழ்க்கையைத் தனிமனித வரலாறாகவன்றி, ஒரு வர்க்கத்தின் வரலாறாக நோக்குவதே இங்கு நமது நோக்கமாகும்.

1776இல் பிறந்த பார்ன்ஸ் இளமையிலேயே படையிற் சேர்ந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் மார்ட்டினிக், குவாடலூப் ஆகியவற்றைக் கைப்பற்றிய போர்களிற் பங்குகொண்டார். அடிமைகளின் உழைப்பில் இயங்கிய கரும்புத் தோட்டங்களின் உலகம் அது. பின்னர் ஸ்பானியப் போர்க்களங்களில் படையணியொன்றை நடத்தி, 1815இல் வாட்டர்லூவிலே காயமுற்றார். 1820 முதல் 1822 வரை பதில் ஆளுநராகவும், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் இலங்கையை ஆண்டார். அதன்பின் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியானார். 1837இல் சட்பரித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, 1838இல் இறந்தார்.

அவரது மண உறவும் கருதத்தக்கது. 1823இல் அவர் மணந்த மரியா, யோர்க்ஷயரின் பெருநிலவுடைமையாளரான வோல்டர் ஃபோக்ஸின் மகளாவார். ஓவியர் டேர்னரைப் புரந்த ஃபோக்ஸ், பாராளுமன்றத்தில் அடிமை வாணிபத்தை ஒழிக்கக் குரல் கொடுத்தவர். அடிமை வாணிபத்தை எதிர்த்த குடும்பத்தின் மருமகன், கட்டாய உழைப்பான இராஜகாரியத்தைக் கொண்டே கொழும்பு-கண்டி வீதியை அமைத்தார். இதனை ஒருவரது குணக்கேடாக மட்டும் விளக்குதல் போதாது. தாராண்மைக் கொள்கை தாயகத்துக்கும், கட்டாய உழைப்பு குடியேற்ற நாட்டுக்கும் என வகுத்துக்கொண்ட ஆளும் வர்க்கத்தின் முரண்பாடே அது.

அம்முரண்பாடு பார்ன்ஸின் கொள்கையிலேயே தெளிவாகப் புலப்படுகின்றது. கோப்பி மீதான ஏற்றுமதித் தீர்வையை அவர் 1825இல் நீக்கினார். கோப்பி நிலங்களுக்குப் பத்திலொரு பங்கு வரியிலிருந்தும், தோட்டங்களில் வேலைசெய்வோருக்கு இராஜகாரியத்திலிருந்தும் விலக்களித்தார். ஆயின், இராஜகாரியத்தை முற்றாக ஒழிக்க வேண்டுமெனக் கோல்புறூக் ஆணைக்குழு கருதியபோது, அதனை எதிர்த்து நின்றவரும் அவரே. நிலமானிய உழைப்பு, முதலாளித்துவத்திற்கு வீதி சமைத்துக் கொடுத்தது. வீதி அமைந்த பின்னர் அவ்வுழைப்புமுறை முதலாளித்துவத்துக்கே தடையாயிற்று. 1832இல் அது ஒழிக்கப்பட்டது.

எனினும், விடுபட்ட கண்டிச் சிங்கள விவசாயி தோட்டக்கூலியாக மாறவில்லை. அவனுக்கு வயலும் சேனையும் இருந்தன. தன் நிலத்தில் ஊன்றி நின்றவனைச் சோம்பேறியெனத் துரைமார் பழித்தனர். வறுமையும் கடனும் சாதிக் கொடுமையும் நிலத்திலிருந்து பெயர்த்தெறிந்த தமிழகத்து உழைப்பாளரை அவர்கள் நாடியமைக்குக் காரணம் இதுவே. மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தோரில் பலர் வழியிலேயே மாண்டனர்.

பார்ன்ஸ் அமைத்த வீதிகள் உற்பத்திச் சக்திகளை வளர்த்தன என்பதை நாம் மறுக்கவில்லை. அவற்றின் பயன் எவரைச் சேர்ந்தது என்பதே வினா. கொழும்பிலுள்ள பார்ன்ஸின் சிலையிலிருந்தே நாட்டின் வீதித் தூரங்கள் கணக்கிடப்பட்டு வந்தன. அவ்வீதிகளின் வழியே மலையேறி வந்து நாட்டின் செல்வத்தைப் பெருக்கியோரின் வழித்தோன்றல்களோ, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. துரையின் சிலையிலிருந்து அளக்கப்பட்ட வரலாற்றை உழைத்தோரின் அடிச்சுவட்டிலிருந்து மீள அளப்பது, இவ்வீதியோரத்துப் பல்கலைக்கழகத்திற் பயிலும் நம் அனைவரினதும் கடனாகும்.