வேலி தேனீக்குத் தெரியாது: பத்து வீடு சேர்ந்து ஒரு தோட்டக் குழு

ஆடிப்பட்டம் நெருங்கினால் சந்தவாசல், படவேடு பக்கத்துப் பெண்கள் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: “வீட்டுத் தோட்டத்துக்கு விதை கிடைக்குமா சார்?” போன வருஷச் செடியில் விதை எடுக்கவில்லையா என்று திருப்பிக் கேட்டால், “எடுத்தோம் சார், காய் வேற மாதிரி வந்துடுச்சு” என்பார்கள்.

காய் ஏன் வேறு மாதிரி வந்தது? இதைப் புரிந்துகொண்டால், வீட்டுத் தோட்டத்துக்குக் குழு எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

சுரை, பீர்க்கு, பரங்கி, பாகல் ஆகியவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை தேனீ போன்ற பூச்சிகள். உங்கள் பந்தலில் நீட்டுச் சுரை, அடுத்த வீட்டில் குண்டுச் சுரை இருந்தால் இரண்டும் கலந்துவிடும். இந்த வருஷக் காயில் வித்தியாசம் தெரியாது. அதன் விதையை அடுத்த வருஷம் போட்டால்தான் தெரியும். சான்று விதை உற்பத்தியில் ஒரே பயிரின் இரண்டு ரகங்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி சுரை, பீர்க்குக்கு 500 மீட்டர், வெண்டைக்கு 200 மீட்டர், கத்தரிக்கு 100 மீட்டர், தக்காளிக்கு 25 மீட்டர். எந்தப் புழக்கடையில் இவ்வளவு இடம் இருக்கிறது?

ஆக, காயைத் தனி வீடு விளைவித்துக்கொள்ளலாம். விதையைக் காப்பாற்றத் தெருவே ஒத்துப்போக வேண்டும்.

பக்கத்திலேயே ஒரு பாடம்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியில் இருக்கும் இலவம்பாடியைத் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. காம்பிலும் புல்லி வட்டத்திலும் முள் இருக்கும் அந்த ஊர்க் கத்தரி, ‘வேலூர் முள்ளு கத்தரி’ என்ற பெயரில் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. கத்தரியிலும் ஓரளவு அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கும். ஆளுக்கொரு ரகம் போட்டிருந்தால் அந்தக் குணம் எப்போதோ கரைந்திருக்கும். ஒரு வட்டாரமே அதை விரும்பிப் பயிரிட்டு வந்ததால் ரகம் தங்கியது என்பது என் கருத்து.

கேரளாவில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ திட்டத்துக்கும் அடிப்படை ‘அயல்கூட்டம்’தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் 10 முதல் 20 பேர் வரை சேர்ந்தது ஒரு கூட்டம். நடந்துபோய்ப் பார்க்கும் தூரத்தில் எல்லோரும் இருப்பதுதான் அதன் பலம். தோட்டக் குழுவுக்கும் இதே அளவு போதும்.

குழுவை அமைப்பது எப்படி?

ஒரே தெருவில் அடுத்தடுத்த 10 வீடுகள் போதும். ஏற்கெனவே மகளிர் சுய உதவிக் குழு இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். பதிவு, கட்டணம் எதுவும் ஆரம்பத்தில் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு விதைப் பானை, மாதம் ஒரு கூட்டம். அமாவாசையன்று வைத்தால் நாள் மறக்காது.

முதல் கூட்டத்திலேயே மூன்று விஷயங்களைப் பேசி முடியுங்கள்.

ஒன்று, தெருவுக்கு ஒரு ரகம். சுரையில் ஒன்று, பீர்க்கில் ஒன்று, கத்தரியில் ஒன்று. சுரையும் பீர்க்கும் ஒன்றோடொன்று கலக்காது. அதனால் இரண்டையும் ஒரே பந்தலில்கூட ஏற்றலாம்.

இரண்டு, வீட்டுக்கு ஒரு விதை. எல்லாரும் எல்லாக் காயும் பயிரிடலாம். ஆனால் வெண்டை விதைக்கு ஒரு வீடு, அவரை விதைக்கு ஒரு வீடு என்று பொறுப்பு இருக்க வேண்டும். கொடிக் காய்களில் மட்டும் நாலைந்து வீட்டு விதையைக் கலந்து வைப்பது நல்லது. ஒரே கொடியின் விதையையே வருஷா வருஷம் எடுத்தால் வீரியம் குறையலாம்.

மூன்று, வாங்கியதற்கு இரட்டிப்பு. ஒரு கைப்பிடி விதை வாங்கியவர் அறுவடையில் இரண்டு கைப்பிடி திருப்பித் தர வேண்டும். கொடுத்த தேதி, வாங்கிய தேதி இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். மனஸ்தாபம் வராது.

விதை எடுக்கும் முறை

கறிக்கு ஆகாத கடைசிக் காயை விதைக்கு விடுவது நம் வழக்கம். அதை மாற்றுங்கள். நோயில்லாத நல்ல செடியில், நடுப்பருவத்தில் வரும் காயில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் யாரும் பறிக்க மாட்டார்கள். கத்தரி நன்கு மஞ்சளாகப் பழுக்க வேண்டும். தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை எடுங்கள். தக்காளியைப் பிசைந்து ஒரு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் வழவழப்பு போய்விடும். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கும் பதத்துக்கு வர வேண்டும். உச்சி வெயிலில் விதையைக் காயவைக்காதீர்கள். காலை, மாலை வெயில் போதும். உலர்ந்தபின் சலித்த சாம்பல் கலந்து, ஈரம் புகாமல் மூடி வையுங்கள்.

இரண்டு ரகப் பரங்கி ஒரே தெருவில் இருந்தே தீரும் என்றால் கையால் மகரந்தம் சேர்க்கலாம். மறுநாள் மலரப்போகும் ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டின் நுனியையும் மாலையில் நூலால் கட்டிவிடுங்கள். அடியில் பிஞ்சு இருப்பது பெண். மறுநாள் காலை 8 மணிக்குள் இரண்டையும் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவி, பெண் பூவை மறுபடியும் கட்டிவிடுங்கள். அந்தக் காயின் விதை கலப்பில்லாதது.

இவ்வளவு பாடு எதற்கு?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய், பழம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளியூர்ச் சந்தைக்கு நெல்லும் மணிலாவும் வாழையும் அனுப்பும் வீட்டில், காய் வாங்கக் காசில்லாத நாளில் ரசத்தோடு சாப்பாடு முடிந்துவிடுகிறது. கிணற்றடியில் ஒரு முருங்கை, ஒரு பாத்தி கீரை, ஒரு அவரைப் பந்தல் இருந்தால் அந்த நாளிலும் தட்டில் காய் இருக்கும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் விதைத் தளை முதல் பருவத்துக்கு உதவும். இரண்டாம் பருவம் உங்கள் பானையிலிருந்து வர வேண்டும்.

வாசகர் கேள்விகள்

வீரிய ஒட்டு விதையில் விளைந்த காயிலிருந்து விதை எடுக்கலாமா?

வேண்டாம். பொட்டலத்தில் ‘எஃப் 1’ என்றிருந்தால் அதன் விதை தாய்ச்செடியைப் போல வராது. பி.கே.எம். 1 தக்காளி, அர்கா அனாமிகா வெண்டை போன்ற ரகங்களிலும் நாட்டு விதைகளிலும் எடுக்கலாம்.

எங்கள் சுரைக்காய் கசக்கிறது. விதைக்கு வைக்கலாமா?

கூடாது. கசக்கும் சுரைக்காய் உடம்புக்கும் கெடுதல். வாந்தி, பேதி வரும். சமைக்கவும் வேண்டாம். கொடியைப் பிடுங்கிவிட்டு மற்ற வீடுகளுக்கும் சொல்லுங்கள்.

எனக்கு இடமே இல்லை, வாடகை வீடு. குழுவில் சேரலாமா?

தாராளமாக. விதைப் பானையும் நோட்டும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஆனி மாதத்தில் ஒவ்வொரு விதையிலும் பத்தை ஈரத்துணியில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். ஏழுக்குக் குறைந்தால் குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். ஆடிக்குள் வேறு விதை தேட நேரம் இருக்கும்.