தீவகத்துக்கு ஒரு சேர்வர்

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்குப் புறப்படும் ஒருவர் ஒரே வாகனத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிட முடியாது. பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் இறங்குதுறை வரையில் தரைவழி செல்லவேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகுப் பயணம். கடல் கொந்தளித்தால் படகு புறப்படாது. வரவேண்டியவர் வந்து சேரவில்லையென்றால் வீட்டார் முதலிற் கேட்பது, "எந்த இடம் வரையில் வந்தார்?" என்பதே.

லினக்ஸ் என்னும் இயக்க மென்பொருளை வழக்கத்தில் இல்லாத ஒரு சேர்வரில் நிறுவும்போது, வேலை இடைவழியில் நின்றுவிட்டால், கேட்கவேண்டிய கேள்வியும் அதுவேயாகும்.

பலருக்கு வேண்டிய ஏடுகளையும் பதிவுகளையும் ஓரிடத்திலிருந்து வழங்கும் கணினியே சேர்வர் எனப்படும். தீவிலுள்ள ஒரு பாடசாலையில் அத்தகைய கருவி ஒன்று இருக்குமாயின், இணையத் தொடர்பு அறுந்த நாளிலும் மாணவர் தம் பாடநூல்களைப் படிக்கலாம். ஆயின், இத்தகைய இடங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெரிய அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த கருவிகள். அல்லது விலை மலிந்த புதுவகைப் பலகைகள். இரண்டும் சாதாரண மேசைக் கணினியைப் போன்றவை அல்ல. ஒரு சிறு கம்பியை மறந்துவிட்டு வந்த தொழில்நுட்பவியலாளர், அதற்காக இன்னொரு நாள் கடல் கடக்க நேரும்.

லினக்ஸ் 1991ஆம் ஆண்டில், பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவரால், இன்டெல் 386 செயலிக்கென ஆக்கப்பட்டது. பின்னர் அது பல இனச் செயலிகளுக்கும் பரவியது. இன்று ஆர்ம், ஐ.பி.எம். பவர், ரிஸ்க்-ஃபைவ் ஆகிய இனங்களிலும் அது இயங்குகின்றது. ஆனால் ஓர் இனத்துக்கென ஆக்கிய நிறுவல் வட்டு மற்றோர் இனத்துக்கு உதவாது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரிடம் சிங்கள ஏட்டைக் கொடுத்தது போன்றது அது. குறை கண்ணிலும் இல்லை, ஏட்டிலும் இல்லை. ஆகவே முதற் படி, செயலியின் இனத்தை அறிந்து அதற்குரிய வட்டைத் தேர்தலாகும்.

மின்விசையை அழுத்தியதும், கருவியோடு பிறந்த நிலைபொருள் முதலில் விழிக்கின்றது. அது நினைவகத்தைச் சோதித்து, பூட் லோடர் என்னும் சிறு மென்பொருளை அழைக்கின்றது. பூட் லோடர், கேர்னல் எனப்படும் லினக்ஸின் கருவை நினைவகத்தில் ஏற்றுகின்றது. கேர்னல் வன்தட்டைக் கண்டுபிடித்து, மற்ற மென்பொருள்களைத் தொடக்கி வைக்கின்றது. பஸ் இறங்குதுறையில் பயணியைப் படகிடம் ஒப்படைப்பதுபோல, ஒவ்வொன்றும் அடுத்த கட்டத்தை அடுத்ததிடம் ஒப்படைக்கின்றது.

நிலைபொருளே விழிக்கவில்லையென்றால், லினக்ஸைக் குறைகூறிப் பயனில்லை. உப்புக்காற்றில் நினைவகத் தகடுகளின் தொடுமுனைகள் கறுத்திருக்கலாம். அவற்றைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்திப் பார்க்கவேண்டும். கடிகாரத்துக்குரிய சிறு பற்றரி செத்திருந்தால், கருவி பழைய ஆண்டொன்றைக் காட்டும். அந்நிலையில், நிறுவும் மென்பொருள்களின் முத்திரைகள் செல்லாதவையெனத் தள்ளப்படும். ஒரு சிறு பற்றரி பெரும் பிழைபோலத் தோன்றுவது இவ்வாறே.

கேர்னல் ஏறியபின் திரை இருண்டு போவது பலரை மயக்கும் குறையாகும். கருவி உறைந்துவிட்டதென எண்ணி மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். உண்மையில் அது பேசிக்கொண்டேயிருக்கலாம். திரையை விட்டுச் சீரியல் வாயிலில் பேசுகின்றது. அங்கே கம்பி பூட்டி, மற்றொரு கணினியிற் செய்தியைப் படிக்கவேண்டும். இரு பக்கத்து வேகமும் ஒன்றாயிருத்தல் அவசியம். 115200 என்பது பெருவழக்கு. வேகம் மாறினால் எழுத்துக்கள் குப்பையாக வரும்.

ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் பலகைகளில் வேறொரு சிக்கலும் உண்டு. எந்த உறுப்பு எந்த முகவரியில் இருக்கின்றது என்பதைக் கூறும் வரைபடமொன்றைக் கேர்னலிடம் கொடுக்கவேண்டும். டிவைஸ் ட்ரீ என்பது அதன் பெயர். வேறு பலகையின் வரைபடத்தைக் கொடுத்தால், கேர்னல் இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

வன்தட்டைக் காணவில்லை என்று கேர்னல் கூறினால், தட்டு பழுதென முடிவு கட்டலாகாது. தட்டுக்களை ஆளும் ரெயிட் அட்டைக்குரிய டிரைவர், தொடக்கத்தில் ஏற்றப்படும் சிறு தொகுதியில் இல்லாதிருக்கலாம். ரெட் ஹாட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட 8ஆம் பதிப்பில், பழைய அட்டைகள் சிலவற்றின் டிரைவர்கள் நீக்கப்பட்டன. இட்டானியம் செயலிக்கான ஆதரவு முழுவதுமே 2024 ஜனவரியில் வெளியான 6.7ஆம் கேர்னலிலிருந்து அகற்றப்பட்டது. இவ்வாறான கருவியோடு புதிய பதிப்பை வைத்துப் போராடுவது வீண்.

மறுபுறம், அபூர்வமாயிருந்தவை பொதுவாகிவருவதும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் ரிஸ்க்-ஃபைவ் முறையில் வடிவமைத்த சக்தி இனச் செயலியில், 2018இல் லினக்ஸ் இயங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் வெளியான 4.15ஆம் கேர்னலில்தான் ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு முதன்முதலாகச் சேர்ந்திருந்தது. ஏழு ஆண்டுகளின் பின், 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13ஆம் பதிப்பு அவ்வினத்தை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

தீவுக்குச் செல்லும் கருவிக்கு மின்கணக்கும் பார்க்கவேண்டும். 300 வாற் மின்சாரம் இழுக்கும் பழைய சேர்வர் ஒரு நாளில் 7.2 அலகு உண்ணும். 10 வாற் பலகையோ கால் அலகும் உண்ணாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு, இந்திய அரசின் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. எம்முறையில் மின்சாரம் பெற்றாலும், ஒவ்வோர் அலகும் அருமையாகக் கிடைக்கும் இடங்கள் இவை.

எனவே, சோதனை யாவும் படகேறுமுன்பே, யாழ்ப்பாணக் கரையில் முடியவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து, அதன் விளைவைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். சரியான வட்டு, சீரியல் கம்பி, புதிய பற்றரி, இயங்கிய நிலையின் முழுப் பிரதி ஆகிய நான்கும் பெட்டியில் இருக்கவேண்டும். தூரத்திலிருந்தே கருவியை இயக்கவும் அதன் பேச்சைப் படிக்கவும் உதவும் மேலாண்மை வாயில் இருப்பின், அதையும் கரையிலேயே அமைத்துவிடல் வேண்டும். பின்னொரு நாள் கருவி நின்றுபோனாலும், தீவிலுள்ள ஆசிரியர் அக்குறிப்பேட்டைப் புரட்டி, அது எந்தத் துறை வரையில் வந்தது என்பதைக் கண்டு சொல்லலாம். பாதிப் பழுது அங்கேயே தீர்ந்துவிடும்.