ஒரே உத்தரவில் 1.7 லட்சம் பேர் டிஸ்மிஸ்... அரசு ஊழியர்களுக்கு மாற்று ஆள் போட்டால் வேலை நடக்குமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். இன்று அவர் வரவில்லை என்றால் நாளை அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். அதே தொழிலாளி பட்டா மாறுதலுக்காக குன்றத்தூர் தாலுகா அலுவலகத்துக்கு நான்காவது தடவை அலையும்போது கேட்பது நியாயமான கேள்விதான்: "இவங்களை மட்டும் ஏன் மாத்த முடியாது? வேலைக்கு ஆளா இல்லை?"

ஆளுக்குப் பஞ்சமே இல்லை. 2024ல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வை 6,244 இடங்களுக்கு அறிவித்தபோது 20 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். அப்படியானால் இருப்பவர்களை அனுப்பிவிட்டுப் புதியவர்களை உட்கார வைத்தால் என்ன ஆகும்? தமிழ்நாடு இதை இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறது. இரண்டுக்கும் முடிவு வேறு வேறு.

2003ல் என்ன நடந்தது?

ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் 2003 ஜூலை 2ஆம் தேதி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதல்வர் ஜெயலலிதா அரசு எஸ்மா சட்டத்தைக் கையில் எடுத்தது. விசாரணை எதுவும் இல்லாமலேயே நீக்க வழிசெய்யும் அவசரச் சட்டம் ஜூலை 4 அன்று வந்தது. சுமார் 1.7 லட்சம் பேர் வேலை இழந்தார்கள். அலுவலகங்களை நடத்தத் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆட்கள் எடுக்கப்பட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2003 ஆகஸ்ட் 6 அன்று வந்த டி.கே. ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. சட்டப்படி பார்த்தால் அரசுக்கு முழு வெற்றி.

ஆனால் அந்த வெற்றிக்குள்தான் இன்னொரு கதை இருக்கிறது. கைதானவர்கள், வழக்குப் பதிவானவர்கள் போன்றவர்களைத் தவிர மற்ற எல்லோரையும், நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு, அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுக ஓர் இடம்கூட வெல்லாத பிறகு மிச்சமிருந்த நடவடிக்கைகளும் கைவிடப்பட்டன. இது ஓட்டுக்குப் பயந்து செய்தது என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதிக் காரணம்தான். திரும்ப எடுப்பது என்ற முடிவு, தேர்தலுக்கு பல மாதங்கள் முன்பே, கோர்ட்டில் ஜெயித்துக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டது.

1980ல் மட்டும் எப்படி முடிந்தது?

இதற்கு நேர்மாறான உதாரணம் 1980 நவம்பர் 14. பரம்பரையாக வந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர் அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982ல் அதை ஏற்றுக்கொண்டது. அவர்கள் இடத்துக்கு வந்தவர்தான் இன்று நாம் பார்க்கும் விஏஓ. ஊர்க் கணக்கு நின்றுபோகவில்லை. பரம்பரை அதிகாரம் போனது நல்லதுதான் என்று இன்று பெரும்பாலும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஏன் இது முடிந்தது? கர்ணத்தின் அறிவில் பெரும்பகுதி ஏட்டில் இருந்தது. அ-பதிவேடு, அடங்கல், சிட்டா, புலப்படம் என்று வரிசையாக எழுதி வைத்த கணக்கு. ஆள் போனாலும் நோட்டு இருந்தது. எழுதி வைத்த வேலைக்குப் புது ஆள் போடலாம், கொஞ்ச நாள் தடுமாறுவார், பிறகு பிடித்துக்கொள்வார்.

எழுதி வைக்க முடியாத வேலை எது?

இதற்கு குன்றத்தூர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. நேமம், பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் ஏரிகள் நிரம்பினால் அந்தத் தண்ணீரும் இங்கேதான் வரும்.

மதகைத் திறப்பது கஷ்டமில்லை. எப்போது, எவ்வளவு என்பதில்தான் சிக்கல். ஏரித் தண்ணீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகப் போய் அடையாற்றில் சேர்கிறது. ஆனால் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீரால் அடையாறு ஏற்கெனவே நிரம்பி ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் மதகைத் திறந்தால் கரையோரத் தெருக்கள் கதி என்ன? திறக்காமல் வைத்தால் ஏரிக்கரை தாங்குமா? பல மழைக்காலங்களை அதே கரையில் பார்த்த பொறியாளரும் மதகு லஸ்கரும் தரும் தகவல்தான் அங்கே முதல் கை. அளவுகோலும் கணினியும் உதவும். எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது எந்தப் பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்திலும் இருக்காது.

அனுபவஸ்தர்கள் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்ட வெள்ளத்தை, 2018ல் தாக்கலான சிஏஜி அறிக்கை மனிதத் தவறால் வந்த பேரிடர் என்றே சொன்னது. கரையில் இருப்பவருக்குத் தெரிந்ததை மேலே இருப்பவர் கேட்டு, உடனே முடிவெடுக்க வேண்டும். அந்தச் சங்கிலி அறுந்தால் 30 வருட சர்வீஸும் வீண்தான்.

வெளிநாட்டில்?

1981 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ரீகன், வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் அதிகமான விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்களை நீக்கினார். மேற்பார்வையாளர்களையும் ராணுவத்தினரையும் வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் விமானங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருந்தது. பழைய ஆள்பலம் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. புதியவர்களுக்குத் தேர்வு வைப்பது சுலபம், கோபுரத்தில் தனியாக உட்காரும் அளவுக்குப் பழக்குவதுதான் தாமதம்.

அப்போ பொதுமக்கள் என்ன கேட்கலாம்?

வேலை செய்யாத ஊழியரை யாரும் தொடக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அரசியல் சாசனத்தின் 311வது பிரிவு, பொதுவாகக் குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே நீக்க வேண்டும் என்கிறது. மேலிடத்து அழுத்தத்துக்கு "முடியாது சார், ரூல் இல்லை" என்று ஓர் அதிகாரி சொல்ல முடிவது இந்தப் பாதுகாப்பால்தான். ஏரிப் புறம்போக்குக்கும் பட்டா நிலத்துக்கும் நடுவே எல்லைக் கல் இருக்கும் இந்தப் பகுதியில், நிலம் விலை ஏறிய பிறகு, அந்த "முடியாது" யாருக்கு உதவுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அதே பாதுகாப்புக்குப் பின்னால் சோம்பேறியும் லஞ்சம் வாங்குபவரும் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதும் உண்மை.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு வயது 2020ல் 58லிருந்து 59 ஆனது, 2021ல் 60 ஆனது. அந்த நீட்டிப்பில் தங்கியவர்கள் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள். அவர்கள் நாற்காலிக்கு ஆள் வருவார்கள். அதற்கு முன் சில மாதங்களாவது பழையவரும் புதியவரும் ஒன்றாக ஒரு மழைக்காலத்தைப் பார்க்கிறார்களா என்பதைத்தான் குன்றத்தூர்வாசிகள் தங்கள் எம்எல்ஏவிடம் கேட்க வேண்டும்.