கழுத்துவலிக்கு ஊசி மட்டும் போதுமா?

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், நூல் இருப்பையும் துணி வரவையும் சரிபார்த்து முடித்த பின்னர் அங்கத்தினர்கள் நம்மிடம் கூறும் குறைகளுள், கூலிக்கு அடுத்தபடியாக வருவது கழுத்துவலியே. குழித்தறியில் இருபது ஆண்டு அமர்ந்தவர்க்கு இஃது இயல்பென்று ஒதுக்கிவிடுவோர் ஒருபுறம். பொறுக்க இயலாத நாளில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு அன்றே தறிக்குத் திரும்புவோர் மறுபுறம். தறி நின்றால் கூலி இல்லை என்னும்போது இரண்டாமவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அவ்வூசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அவர் அறிந்திருத்தல் நலம்.

பிடரியிலிருந்து தோள்முனை வரை விரிந்து முதுகில் இறங்கும் தசையொன்று உண்டு. இழை அறுகிறதா என்று தலைகுனிந்து நோக்கி, ஒரு கையால் நாடாக் கயிற்றை இழுத்து, மறு கையால் பலகையை அடிக்கும் நெசவாளருக்கு அத்தசை நாள் முழுதும் தளர்வதேயில்லை. மருந்துத் தெளிப்பானை முதுகில் சுமக்கும் விவசாயிக்கும் அவ்வாறே. நாளடைவில் தசையினுள் முறுக்கேறிய கயிறு போன்ற ஓரிடம் தோன்றுகிறது. அதனை அழுத்தினால் வலி நெற்றிப்பொட்டு வரை பாயும். தலைவலியென எண்ணிக் கண்ணாடியை மாற்றிப் பார்ப்பவரும் உளர்.

அம்முடிச்சினுள் லிடோகேயின் போன்ற மரப்பு மருந்தைச் சிறிதளவு செலுத்துவது ஒரு சிகிச்சை. தசை ஒருமுறை துடித்து இளகும். மருந்தின்றி வெறும் ஊசி முனையே வலியைத் தணிப்பதுண்டு என்று பிராகு நகர டாக்டர் காரெல் லெவிட் 1979-இல் எழுதினார். ஸ்டீராய்டு சேர்ப்பதால் இவ்வகை வலிக்குக் கூடுதல் பயன் உண்டென நிலைநாட்டப்படவில்லை. அதனை அடிக்கடி போட்டுக்கொண்டால் தசைநாண்கள் நலியும், நீரிழிவுள்ளவர்க்குச் சர்க்கரை ஏறும். தோளுக்குக் கீழே நுரையீரலின் நுனி இருப்பதால், ஊசி ஆழச் சென்றால் ஆபத்து. பயிற்சி பெற்ற டாக்டரிடமன்றி எவரிடமும் தோளை நீட்டலாகாது.

அமெரிக்காவில் இம்முறையைப் பரப்பியவர் டாக்டர் ஜேனட் டிராவெல் அம்மையார். 1955 முதல் கென்னடியின் முதுகுவலிக்கு ஊசியிட்டு, 1961-இல் வெள்ளை மாளிகை மருத்துவரானார். அவ்வாண்டிலேயே ஊசிகள் மிகுந்தும் வலி நீங்காமையால், டாக்டர் ஹான்ஸ் கிராஸ் அழைக்கப்பட்டார். அவர் ஊசியைக் குறைத்துத் தேகப்பயிற்சியைப் புகுத்தவே, குணம் தெரிந்தது. அங்கே வலி முதுகில். நியாயம் கழுத்துக்கும் அதுவே. ஊசியால் வலி தணியும் சில நாட்களில் தசையை நீட்டிப் பழக்கவேண்டும். இன்றேல் பழைய இருக்கை பழைய முடிச்சையே திரும்பத் தரும்.

“நாள் முழுதும் கை ஆடுகிறதே, அது பயிற்சியாகாதா?” என நெசவாளர் வினவலாம். நல்ல வினாவே. ஓய்வின்றி ஒரே அசைவைச் செய்கையில் ஒருசில இழைகளே உழைத்துக் களைக்கின்றன. பயிற்சியிலோ தசை முழுதும் சற்றுப் பளுவேற்றுப் பின் இளைப்பாறுகிறது. ஒரே வகை வேலை செய்து இத்தசையில் நோவுற்ற பெண்கள், வாரம் மும்முறை, முறைக்கு இருபது நிமிடம், பத்து வாரம் பளுதூக்கிப் பயின்றதால் வலி நன்கு குறைந்ததென டென்மார்க்கு ஆராய்ச்சி 2008-இல் தெரிவித்தது. மணல் நிரப்பிய சிறு பைகள் இரண்டு போதும்; கைகளைத் தொங்கவிட்டுத் தோளை மட்டும் உயர்த்தி இறக்குவதே தொடக்கம். இடையிடையே காதைத் தோள்பக்கம் சாய்த்து அரை நிமிடம் நிறுத்துக. அரைமணிக்கொருமுறை குழியைவிட்டு எழுக.

கை மரத்துப்போதல், பிடி தளர்தல், நடை தள்ளாடுதல், காய்ச்சல் ஆகியன இருப்பின் பயிற்சி வேண்டா, டாக்டரே முதலில். நெஞ்சுவலியுடன் இடக்கை வலித்தால் ஒரு கணமும் தாழ்த்தலாகாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. பாவு முடிந்து மறுபாவு பிணைக்கும் நாளில் தறி எப்படியும் நிற்கும். அன்று சென்று பயிற்சிகளைக் கற்றுவரலாம்.