உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலத்தில் எழுதிய இந்தியக் கவிஞர்களும் அவர்களை எடைபோட்ட விமர்சகர்களும்

● இந்தியர் ஆங்கிலத்தில் கவிதை எழுதுவதால் பயனில்லை என்று 1963இல் தீர்ப்பு எழுதியவர் வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ். ஸ்டீபன் ஸ்பெண்டரும் டொனால்ட் ஹாலும் தொகுத்த கவிதைக் கலைக்களஞ்சியத்தில் அது அச்சானது. கல்கத்தாவில் 1958 முதல் ‘ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப்’ பதிப்பகத்தை நடத்திவந்த பி. லால் இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. போஸின் கருத்தைப் பற்றியும் ஆங்கிலத்தைத் தேர்ந்த காரணத்தைப் பற்றியும் கவிஞர்களிடம் கேள்விப் பட்டியல் கொடுத்துப் பதில் வாங்கினார். பதில்களையும் கவிதைகளையும் சேர்த்து 1969இல் தடித்த தொகுப்பாகக் கொண்டுவந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட கவிஞர்கள். கவிதைகளின் தரம் ஏறி இறங்கும். ஆனால் ஒரு தலைமுறையே தன் மொழித் தேர்வுக்குக் கொடுத்த வாக்குமூலம் வேறு எங்கும் இப்படி ஒரே இடத்தில் கிடைக்காது.

● அதே பதிப்பகத்தின் புத்தகங்களுக்கு அட்டை, கைத்தறிச் சேலைத் துணி!

● சாகித்ய அகாடமி ஆங்கில நூலுக்கு முதலில் பரிசு கொடுத்தது 1960இல், ஆர்.கே. நாராயணின் நாவலுக்கு. ஆங்கிலக் கவிஞர் ஒருவர் அதைப் பெற 1981 வரை ஆனது. பெற்றவர் கட்டாக்கில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜெயந்த மகாபாத்ரா.

● இந்தத் துறையில் தொகுப்பு நூல்தான் பல காலம் விமர்சன நூலின் வேலையையும் பார்த்தது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதே தீர்ப்பு. ஆர். பார்த்தசாரதி 1976இல் பத்துக் கவிஞர்களைத் தேர்ந்தார். அவரும் அதில் ஒருவர். டாம் மொரேஸ் இல்லை. அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா 1992இல் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தார்; மொரேஸ் வந்தார், பார்த்தசாரதி போனார். மெஹ்ரோத்ரா தன்னையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கமலா தாஸையும் சேர்க்கவில்லை. அந்த விடுபடலை எத்தனை முறை யோசித்தாலும் என் மனம் ஏற்கவில்லை. 1997இல் யூனிஸ் டி சௌசா ஒன்பது பெண் கவிஞர்களின் தொகுப்பைக் கொண்டுவந்தபோது கமலா தாஸுக்கு உரிய இடம் கிடைத்தது.

● ‘ஆங்கிலத்தில் எழுதலாமா?’ என்ற பழைய வழக்கை ஒதுக்கிவைத்து, ‘இந்தக் கவிதைகள் எப்படி உருவாயின?’ என்று விரிவாக விசாரித்தவர் புரூஸ் கிங் என்ற அமெரிக்கர். சிறுபத்திரிகைகள், பதிப்பகங்கள், பம்பாய் நட்பு வட்டங்கள் எல்லாவற்றையும் தேடிப் பதிந்த அவர் நூல் 1987இல் வந்தது. 2001இல் விரிந்த பதிப்பு. இன்றைக்கும் தொடக்க வாசகருக்கு நான் முதலில் கைகாட்டும் நூல் அதுதான்.

● ‘ஜெஜூரி’ என்ற ஆங்கிலக் கவிதை நூல் 1977இல் காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்றது. அதை எழுதிய அருண் கொலாட்கர் மராத்தியிலும் பெருங்கவிஞர். ஆனால் வெகுகாலம் ஆங்கில விமர்சகர்கள் மராத்திப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. பிரெஞ்சு ஆய்வாளர் லெத்தீசியா செக்கினி (2014), அஞ்சலி நெர்லேகர் (2016) ஆகியோரின் நூல்கள் இரு மொழிக் கொலாட்கரையும் ஒருசேரப் பார்த்தன. பாதிக் கவிஞரை வைத்து முழுத் தீர்ப்பு எழுதிய காலம் அதோடு முடிந்தது என்று நம்புகிறேன்.

● 1962. சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் தேடிப் போனார் ஏ.கே. ராமானுஜன். கையில் கிடைத்தது உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. அவருடைய முதல் ஆங்கிலக் கவிதை நூல் 1966இல் வந்தது. குறுந்தொகை மொழிபெயர்ப்பு மறு வருடமே, 1967இல். அகம், புறம் என்ற பகுப்பைத் தெரியாதவர் அவருடைய ஆங்கிலக் கவிதையில் வீடும் உறவும் ஏன் அவ்வளவு இடம் பிடிக்கின்றன என்பதைப் பாதிதான் காண்பார்.

● மேலே சொன்ன பார்த்தசாரதி திருச்சி அருகே திருப்பராய்த்துறையில் பிறந்தவர். ஆங்கிலத்தோடு போராடித் தமிழுக்குத் திரும்பும் மனத்தை 1977இல் ஒரு நெடுங்கவிதையாக்கினார். 1993இல் அவருடைய சிலப்பதிகார மொழிபெயர்ப்பைக் கொலம்பியா பல்கலைக்கழகம் வெளியிட்டது.

● ‘காவ்ய பாரதி’ என்ற ஆங்கிலக் கவிதை இதழ் வந்தது டெல்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ அல்ல. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலிருந்து! கவிதைகளோடு கட்டுரைகளையும் மதிப்புரைகளையும் அது வெளியிட்டது.

● கொலாட்கருக்கு மராத்தி தெரிந்தவர்கள் கிடைத்தார்கள். ராமானுஜனையும் பார்த்தசாரதியையும் சங்கப் பாட்டும் சிலம்பும் படித்த கண்ணோடு ஆராய வேண்டியவர்கள் நம் கல்லூரி மாணவர்கள். ஆங்கில இலக்கியமோ தமிழ் இலக்கியமோ முதுகலை படிப்பவர்களே, ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது இந்த இருவரையும் எடுங்கள். ஒரு பக்கம் குறுந்தொகை மூலத்தை விரித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.