நிலா வெளிச்சத்தில் பள்ளிக்கூடம்!

குழந்தைகளே! உங்கள் தாத்தாவும் பாட்டியும் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு, "நாங்க பள்ளிக்கூடம் போயிட்டு வர்றோம். நீங்க சமத்தா வீட்ல இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் எப்படி இருக்கும்? சிரிப்பு வருகிறதா?

இது கதையல்ல, நிஜமாகவே நடந்தது. 1911ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ராத்திரி, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ரோவன் என்ற மலைப்பகுதியில், நூற்றுக்கணக்கான அப்பாக்களும் அம்மாக்களும் தாத்தா பாட்டிகளும் பள்ளிக்கூடம் போனார்கள். பகலில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்த அதே பெஞ்சில், ராத்திரி அவர்கள் போய் உட்கார்ந்தார்கள்!

இந்த வேலையைச் செய்தவர் ஒரு பெண். பெயர் கோரா வில்சன் ஸ்டூவர்ட். அந்தப் பகுதியின் பள்ளிகளுக்கெல்லாம் கண்காணிப்பாளர். அந்தப் பதவியில் அவரை யாரும் நியமிக்கவில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்!

ஓட்டுப் போட்டு ஒரு கல்வி அதிகாரியா?

ஆமாம். நம் ஊரில் மாவட்டக் கல்வி அலுவலரை அரசாங்கம் நியமிக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் 'கவுண்டி' என்ற சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் பல மாநிலங்களில், கவுண்டியின் பள்ளிக் கண்காணிப்பாளர் பதவிக்கும் தேர்தல் நடந்தது. வேட்பாளர் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்கவேண்டும். ஜெயித்தால் நான்கு வருஷப் பதவி. கவுண்டியில் உள்ள பள்ளிகளைப் பார்வையிடுவது, ஆசிரியர்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று சோதிப்பது, பள்ளிக்கு வரும் பணத்தைச் சரியாகப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கென்டக்கியில் இப்போது இந்தத் தேர்தல் கிடையாது. கலிபோர்னியா மாநிலத்தில் பெரும்பாலான கவுண்டிகளில் இன்றும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கோரா பிறந்தது 1875ஆம் ஆண்டு, ரோவன் கவுண்டியில் இருக்கும் 'ஃபார்மர்ஸ்' என்ற சிற்றூரில். அப்பா டாக்டர், அம்மா ஆசிரியை. கோராவும் இருபது வயதில் ஆசிரியை ஆகிவிட்டார்.

அப்போது ரோவன் கவுண்டிக்கு நல்ல பெயர் இல்லை. 1884 முதல் 1887 வரை அங்கே இரண்டு கோஷ்டிகளுக்கு நடுவில் பெரிய சண்டை நடந்தது. மார்ட்டின் குடும்பத்தார் ஒரு பக்கம், டாலிவர் குடும்பத்தார் மறு பக்கம். துப்பாக்கிச் சூட்டில் சுமார் 20 பேர் செத்துப்போனார்கள். மாநில அரசு படையை அனுப்ப வேண்டியிருந்தது. பேசாமல் அந்தக் கவுண்டியையே கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள்! அந்தச் சண்டை முடிந்தபோது கோராவுக்குப் பன்னிரண்டு வயது.

பிறகு 1901இல் அதே ரோவன் கவுண்டியில் பள்ளிக் கண்காணிப்பாளர் தேர்தலில் நின்று ஜெயித்தார். அந்தக் கவுண்டியில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1920இல்தான். அதற்கு 19 வருஷம் முன்னாலேயே துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன ஒரு மலை ஊர், ஒரு பெண்ணிடம் தன் பள்ளிக்கூடங்களை ஒப்படைத்தது என்றால் ஆச்சரியம்தானே! 1909இல் மறுபடியும் நின்று, மறுபடியும் ஜெயித்தார்.

மூன்று பேர் வந்தார்கள்

பள்ளிக்கூடங்களைக் கவனிப்பது கோராவின் வேலை. ஆனால் ஊரில் இருக்கும் பெரியவர்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 1910ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ரோவன் கவுண்டியில் 1,152 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இவர்களில் மூன்று பேர்தான் தன் மனத்தை மாற்றினார்கள் என்று கோரா பின்னால் எழுதினார்.

முதலாவது, ஒரு வயதான அம்மா. அவருடைய மகள் பிழைப்புக்காகச் சிகாகோ நகரத்துக்குப் போய்விட்டாள். மகளிடமிருந்து கடிதம் வந்தால் அந்த அம்மாவால் படிக்க முடியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு மலை ஏறி இறங்கிக் கோராவிடம் வருவார். கோரா படித்துக் காட்டுவார், பதிலும் எழுதித் தருவார். திடீரென்று ரொம்ப நாள் அந்த அம்மாவைக் காணோம். மகள் எழுதுவதையே நிறுத்திவிட்டாளோ என்று கோரா நினைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். ஓடையில் வெள்ளம் வந்தால் கோராவிடம் வர முடியாது, கடிதம் கையில் இருந்தும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தவிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு அரிச்சுவடி வாங்கி வந்து, நள்ளிரவு வரை கண் விழித்துத் தானாகவே படித்துவிட்டாராம்! இனிமேல் மகளுக்கு அவரே கடிதம் எழுதுவாராம்!

வயதானவர்களால் படிக்க முடியாது என்று அப்போது நிறையப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சை ஒரு அரிச்சுவடியை வைத்து அந்த அம்மா பொய்யாக்கிவிட்டார்.

இரண்டாவது, ஒரு நடுத்தர வயது ஆள். ஏதோ வேலையாகக் கோராவின் அலுவலகத்துக்கு வந்தவர் காத்திருந்தார். பொழுது போகட்டுமே என்று கோரா இரண்டு புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். அவர் அதைத் தடவிப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், திருப்பி வைத்துவிட்டார். எனக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்துகொள்ள முடியுமானால் என் ஆயுளில் இருபது வருஷத்தைக் கொடுத்துவிடுவேன் என்று கண்ணீரோடு சொன்னார்.

மூன்றாவது ஆள் ஒரு வாலிபன். பள்ளி விழா ஒன்றில் அருமையாக ஒரு பாட்டுப் பாடினான். அவனே கட்டிய பாட்டு. கோரா அதை எழுதித் தரச் சொன்னார். எழுதத் தெரியாதே என்றான். இதைவிட நல்ல பாட்டெல்லாம் கட்டியிருக்கிறானாம். எழுதி வைக்க ஆள் வருவதற்குள் மறந்துபோய்விடுமாம்! யோசித்துப் பாருங்கள், அந்தப் பாட்டெல்லாம் என்ன ஆகியிருக்கும்?

நிலாவே விளக்கு

பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எப்போது நடத்துவது? பகலில் வயல் வேலை, மர வேலை. ராத்திரியில் நடத்தலாம். ஆனால் அங்கே நல்ல ரோடு கிடையாது, தெருவிளக்கு கிடையாது. மலைப்பாதை, பள்ளம், ஓடை. இருட்டில் கால் தவறினால் அவ்வளவுதான்!

கோராவுக்கு அருமையான யோசனை ஒன்று வந்தது. நிலா காயும் ராத்திரிகளில் நடத்தினால்? அப்படித்தான் 'நிலாப் பள்ளிகள்' பிறந்தன. முதல் நாள் வகுப்பு தொடங்கிய செப்டம்பர் 5 வளர்பிறைக் காலம். பௌர்ணமிக்கு இன்னும் மூன்றே நாள்!

இதற்கெல்லாம் சம்பளம் கொடுக்கக் கோராவிடம் பணம் இல்லை. ஆசிரியர்களைக் கூப்பிட்டுத் தன் எண்ணத்தைச் சொன்னார். பகல் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் களைத்துப்போகும் அவர்கள், ராத்திரியும் சம்பளம் இல்லாமல் சொல்லித் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். இந்தக் கதையில் கோராவின் பெயர்தான் பெரிதாகத் தெரிகிறது. எனக்கென்னவோ, பெயர் தெரியாத அந்த ஆசிரியர்களுக்கும் அதே அளவு கைதட்டல் தரவேண்டும் என்று தோன்றுகிறது. வகுப்பு தொடங்குவதற்கு முதல் நாள் அவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, பெரியவர்களை "வாங்க, வாங்க" என்று அழைத்துவிட்டு வந்தார்கள்.

மொத்தம் ஐம்பது பள்ளிகள். ஒரு பள்ளிக்கு மூன்று பேர் வந்தால் 150 பேர் ஆகும், அதுவே பெரிசு என்று நினைத்திருந்தார் கோரா. வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1,200 பேர்! கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் வந்தார்கள். வந்தவர்களில் சின்னவருக்கு வயது 18, பெரியவருக்கு 86!

பெரியவர்களுக்கு என்ன புத்தகம்?

இங்கே ஒரு சிக்கல். பூனை, நாய், பந்து என்று படம் போட்ட பாப்பா புத்தகத்தை 60 வயதுக்காரரிடம் கொடுத்தால் அவருக்கு வெட்கமாக இருக்காதா? பெரியவர்களுக்கென்று அப்போது புத்தகமும் இல்லை. கோரா என்ன செய்தார் தெரியுமா? ஒரு குட்டிச் செய்தித்தாளையே அச்சடித்தார்! சின்னச் சின்ன வாக்கியங்களில் உள்ளூர்ச் செய்திகள். பக்கத்து ஊரில் என்ன நடக்கிறது, எந்தப் பள்ளியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையிலேயே மக்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். யாராவது பார்த்தாலும், "பேப்பர் படிக்கிறேன்" என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாமே!

எழுதுவதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். எழுத்துகள் பள்ளமாகப் பதிக்கப்பட்ட அட்டை. அந்தப் பள்ளத்தில் பென்சிலை ஓட்டி ஓட்டிப் பழகவேண்டும். ஏர் பிடித்து, கோடரி பிடித்துக் காய்த்துப்போன கைகளுக்கு இது சுலபமாக இருந்தது. முதலில் சொல்லித் தந்தது என்ன தெரியுமா? அவரவர் பெயர்! அதுவரை கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தவர்கள், தங்கள் பெயரை எழுதிப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். கோராவுக்குச் சொந்தமாக ஒரு கடிதம் எழுதி அனுப்புபவர்களுக்கு ஒரு பைபிள் பரிசு என்றும் அறிவித்தார்.

1915 முதல், 'கிராம வாழ்க்கைப் பாடங்கள்' என்று பெரியவர்களுக்கான பாடப்புத்தகங்களையும் எழுதினார். ரோடு நன்றாக இருந்தால் என்ன லாபம், வரி ஏன் கட்டவேண்டும், பல்லை எப்படித் தேய்க்கவேண்டும் என்றெல்லாம் அதில் பாடம் இருந்தது. பல் தேய்க்கத் தாத்தாவுக்குப் பாடமா என்று சிரிக்காதீர்கள். படிக்கவும் வேண்டும், அது அன்றாட வாழ்க்கைக்கு உதவவும் வேண்டும் என்பது கோராவின் கணக்கு.

மிச்சம் 23 பேர்

1913இல் கோரா ஒரு சபதம் எடுத்தார். பதவிக்காலம் முடிவதற்குள் ரோவன் கவுண்டியில் எழுத்தறியாதவர் ஒருவர்கூட இருக்கக் கூடாது! ஒவ்வொரு பள்ளி வட்டாரத்திலும் யார் யாருக்கு எழுதத் தெரியாது என்று பெயர்ப் பட்டியல் தயாரித்தார்கள். பள்ளிக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். படித்த ஒருவர் படிக்காத ஒருவருக்குச் சொல்லித் தர வேண்டும் என்று ஊரையே கிளப்பிவிட்டார்கள்.

கடைசியில் கோரா கொடுத்த கணக்கு இது: 1,152 பேரில் மிச்சம் 23 பேர். அவர்களில் 6 பேர் கண்பார்வை இல்லாதவர்கள் அல்லது பார்வை குறைந்தவர்கள். 5 பேர் படுத்த படுக்கையாக இருந்த நோயாளிகள். இன்னொரு 6 பேர் மூளை வளர்ச்சிக் குறைவோ வலிப்பு நோயோ உள்ளவர்கள். 2 பேர் அப்போதுதான் அந்த ஊருக்குக் குடிவந்தவர்கள். பாக்கி 4 பேர்? என்ன சொல்லியும் படிக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார்கள்!

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். இது கோராவின் பள்ளிகளே எடுத்த கணக்கு. பெயரும் ஒரு சின்னக் கடிதமும் எழுதத் தெரிந்தாலே தேறிவிட்டதாக வைத்துக்கொண்டார்கள். அதற்குமேல் எத்தனை பேர் புத்தகம் படிக்கிற அளவுக்குப் போனார்கள் என்பது வேறு கேள்வி. இன்னொன்று, அந்தக் காலக் கென்டக்கியில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் படிக்கச் சட்டமே தடை போட்டிருந்தது. அதனால் கறுப்பின மக்களுக்கு நிலாப் பள்ளியும் தனியாகத்தான் நடந்தது. நிலா எல்லோருக்கும் ஒன்றுதான். பெஞ்சுதான் வேறு வேறாக இருந்தது!

ஒரு கவுண்டியிலிருந்து...

1911இல் கென்டக்கி கல்விச் சங்கத்துக்குக் கோரா தலைவரானார். அங்கேயும் அவர்தான் முதல் பெண். 1914இல் கென்டக்கி அரசு, எழுத்தறியாமையை ஒழிக்க ஒரு தனி ஆணையம் அமைத்தது. அமெரிக்காவில் இப்படி அமைந்த முதல் ஆணையம் அதுதான். கோரா அதற்குத் தலைமை ஏற்றார். வேடிக்கை என்னவென்றால், ஆணையத்தை அமைத்த அரசு முதலில் அதற்குப் பணம் எதுவும் ஒதுக்கவில்லை! கோராவே ஊர் ஊராகப் பேசி உதவி திரட்டவேண்டியிருந்தது. நிலாப் பள்ளிகள் மற்ற மாநிலங்களுக்கும் பரவின.

முதல் உலகப் போர் வந்தது. படையில் சேர்ந்த வாலிபர்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை. வீட்டுக்குக் கடிதம் எழுதக்கூட அடுத்தவர் தயவு வேண்டும். அவர்களுக்காகப் 'படைவீரனின் முதல் புத்தகம்' எழுதினார் கோரா.

1920இல் ஒரு சுவாரசியமான விஷயம் நடந்தது. ஜனநாயகக் கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய மாநாட்டில், கோராவுக்கு ஒரு ஓட்டு விழுந்தது! ஒரே ஒரு ஓட்டுதான். அதே மாநாட்டில் லாரா கிளே என்ற இன்னொரு கென்டக்கிப் பெண்ணுக்கும் ஓட்டு கிடைத்தது. பெரிய கட்சி ஒன்றின் மாநாட்டில், ஜனாதிபதி வேட்பாளர் தேர்வில் பெண்களுக்கு ஓட்டு விழுந்தது அதுவே முதல் தடவை. 1929இல் ஜனாதிபதி ஹூவர் அமைத்த தேசிய எழுத்தறிவுக் குழுவிலும் கோரா முக்கியப் பொறுப்பு வகித்தார்.

முதுமையில் கோராவின் கண்பார்வை போய்விட்டது. ஆயிரக்கணக்கானவர்களைப் படிக்க வைத்தவரால் கடைசிக் காலத்தில் தானே படிக்க முடியவில்லை. 1958ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, வட கரோலினா மாநிலத்தில் டிரையான் என்ற ஊரில் காலமானார்.

ரோவன் கவுண்டியின் தலைநகரான மோர்ஹெட் ஊரில், அந்தக் காலத்து ஓரறைப் பள்ளிக்கூடம் ஒன்றை நிலாப் பள்ளிகளின் நினைவாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கோரா சேர்த்து வைத்த காகிதங்கள் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. முதன்முதலாக எழுதக் கற்றுக்கொண்ட பெரியவர்கள் அவருக்கு அனுப்பிய கடிதங்களும் அவற்றில் உண்டு.