வயிற்றுக்கு வெளியே ஒரு காந்தம்

பெண்ணாடம் ரயிலடி டீக்கடை. விருத்தாசலம் வண்டிக்கு நேரமிருந்தது. அத்தை மஞ்சப்பையிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்தார். "காந்தம் வெச்சு ஆபரேஷன் பண்றாங்களாமே, கர்ப்பப்பைக் கட்டிய இழுத்துடுமா?"

இழுக்காது அத்தை. சதை காந்தத்துக்கு மசியாது.

காந்தம் உதவுவது லேப்ராஸ்கோப்பி என்ற சிறு ஓட்டை அறுவையில். அதில் வயிற்றைக் கரியமில வாயுவால் உப்ப வைத்து, தொப்புள் பக்கம் ஓர் ஓட்டையில் கேமராவும் மற்ற ஓட்டைகளில் கருவிகளும் நுழைப்பார்கள். ஓட்டை ஒவ்வொன்றும் 5 முதல் 12 மில்லிமீட்டர். இந்த வித்தையை வளர்த்தவர்களில் முக்கியமானவரே ஒரு மகப்பேறு மருத்துவர்தான்: ஜெர்மனியின் கீல் நகரத்து குர்ட் செம். 1980இல் அவர் இப்படிக் குடல்வாலை எடுத்தபோது மற்ற சர்ஜன்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

உள்ளே போகும் கருவிகளில் ஒன்று வெட்டாது, தைக்காது. வழியை மறைக்கும் உறுப்பை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அதற்கும் தனியாக ஓர் ஓட்டை. அதை மிச்சப்படுத்தத்தான் காந்தம். ஏற்கெனவே போட்ட ஓட்டை வழியாகவே காந்தத்துக்கு மசியும் ஒரு சின்னக் கிளிப்பைக் கம்பி முனையில் அனுப்பி, உறுப்பைக் கவ்வ வைத்துவிட்டுக் கம்பியை உருவிவிடுவார்கள். வயிற்றின் மேலே பெரிய காந்தம். காகிதத்தின் மேல் குண்டூசியைப் போட்டு அடியில் காந்தத்தை நகர்த்தி விளையாடுவோமே, அதேதான். காகிதத்துக்குப் பதில் வயிற்றுச் சுவர்.

சிலி நாட்டு சர்ஜன் ஆல்பர்ட்டோ ரோட்ரிகஸ் நவாரோவின் 'லெவிட்டா' காந்தக் கருவிக்கு 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. முதலில் பித்தப்பைக்கு மட்டும். அதுவும் உடல் பருமன் குறியீடு 20 முதல் 34 வரை உள்ளவர்களுக்கு. தூரம் கூடினால் காந்தத்தின் பிடி மளமளவென்று குறையும், தொப்பை தடித்திருந்தால் எட்டாமல் போகலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டே போகவே கூடாது.

கர்ப்பப்பை கனமானது, கட்டி இருந்தால் இன்னும் கனம். அதை யோனி வழியாகக் கருவி வைத்துக் கீழிருந்தே தூக்கிக் கொடுக்கிறார்கள். ஆகவே பெண்கள் அறுவையில் காந்தத்துக்குப் பொருத்தமான வேலை, சினைப்பை மாதிரி இலேசானதை ஒதுக்கிப் பிடிப்பது என்றே எனக்குப் படுகிறது.

"அப்ப எனக்குக் காந்தம் வேணாமா?"

அது டாக்டர் பாடு. அதைவிடப் பெரிய கேள்வி, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டுமா என்பது. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதனால் நீங்க கேட்க வேண்டியது வேற அத்தை: கட்டி எங்கே, எவ்வளவு பெரிசு? மாத்திரையில தீருமா? கட்டிய மட்டும் எடுத்துட்டுக் கர்ப்பப்பைய விட்டுடலாமா?